பழைய ஸ்டீல் கிச்சனையும் டிஷ்வாஷரையும் மீட்டெடுப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில், அதிலும் ஓஹையோ, இல்லினாய், இண்டியானா பக்கம், 1945-க்கும் 1960-க்கும் இடையில் கட்டிய வீட்டை வாங்கப் போகிறீர்களா? சமையலறை அலமாரிக் கதவில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் அது ஸ்டீல் கிச்சன், அதாவது மரத்துக்குப் பதில் ஸ்டீல் தகட்டை அழுத்திச் செய்த அலமாரிகள். வீட்டைச் சீரமைக்க வரும் ஒப்பந்தக்காரர் முதலில் சொல்வது, "இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்துவிடலாம்" என்பதாகத்தான் இருக்கும். அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். இன்று கடையில் விற்கும் மரத்தூள் பலகை அலமாரிகளில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். இந்த ஸ்டீல் பெட்டிகள் எழுபது வருடம் தண்ணீரும் எண்ணெயும் பட்டு இன்னும் நிற்கின்றன. பெரும்பாலும் அவற்றுக்குத் தேவை ஒரு நல்ல கழுவலும் கொஞ்சம் பொறுமையும்தான்.

வேலை தொடங்குவதற்கு முன் இரண்டு விதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரிக்கு: முதலில் கழுவுங்கள், பெயின்ட் பற்றி அப்புறம் யோசிக்கலாம். டிஷ்வாஷருக்கு: முதலில் தண்ணீர், கடைசியில்தான் கரன்ட். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் நல்ல சாமான்களைக் கெடுக்கிறார்கள்.

உங்களிடம் இருப்பது எது?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், போருக்காக ஓடிக்கொண்டிருந்த தகடு அழுத்தும் ஆலைகளுக்கு வேறு வேலை தேவைப்பட்டது. வீடுகளும் ஆயிரக்கணக்கில் எழும்பிக்கொண்டிருந்தன. ஓஹையோவின் வாரன் நகரில் மல்லின்ஸ் நிறுவனம் 'யங்ஸ்டவுன் கிச்சன்ஸ்' என்ற பெயரில் செய்தவைதான் இன்றும் அதிகம் கண்ணில் படுபவை. இல்லினாயில் செயின்ட் சார்ல்ஸ், ஜெனிவா என்ற நிறுவனங்கள், அதே மாநிலத்தின் அரோரா நகரில் லயன், இண்டியானாவின் கானர்ஸ்வில்லில் அமெரிக்கன் கிச்சன்ஸ், ஓஹையோவின் கேன்டனில் ரிபப்ளிக் ஸ்டீல் என்று வேறு பலரும் இருந்தார்கள். இவர்களில் செயின்ட் சார்ல்ஸ் மேல்தட்டுக்கானது. கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த 'ஃபாலிங்வாட்டர்' வீட்டின் சமையலறையில் இருப்பதும் அந்த அலமாரிகளே. அதே காலத்தில் ஓஹையோவின் கொலம்பஸில் லஸ்ட்ரான் என்ற நிறுவனம் வீட்டையே பீங்கான் பூசிய ஸ்டீலில் செய்தது. 1950-இல் மூடுவதற்குள் ஏறக்குறைய 2,500 வீடுகள். அவற்றில் சிலவற்றில் துணியையும் பாத்திரத்தையும் ஒரே இயந்திரத்தில் துவைக்கும் 'தோர் ஆட்டோமேஜிக்' கூட இருந்தது.

பிராண்டைத் தெரிந்துகொள்வது வெறும் ஆசைக்காக அல்ல. கீல், கைப்பிடி, தட்டைத் தாங்கும் கொக்கி, டிராயர் உருளை எல்லாம் ஒரு நிறுவனத்துக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தாது. சிங்க்கின் முன்பக்கம், சிங்க் அடிக் கதவின் உட்புறம், டிராயரின் பக்கவாட்டு இந்த மூன்று இடங்களில் பெயர்ப் பட்டையோ ஸ்டிக்கரோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்கெனவே பெயின்ட் அடித்திருந்தால், பட்டை இருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும் மிஞ்சியிருக்கும்.

வீட்டில் இல்லாமல் வெளியே வாங்குவதென்றால், ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் எஸ்டேட் சேல், ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி தொண்டு நிறுவனத்தின் ரீஸ்டோர் கடைகள், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் ஆகியவற்றில் பாருங்கள். ஒரே வீட்டிலிருந்து வரும் முழு செட்டை வாங்குங்கள். துருவைப் பார்த்து ஒதுக்காதீர்கள், காணாமல் போன டிராயரைப் பார்த்து ஒதுக்குங்கள். துருவை நீக்கிவிடலாம். ஆனால் அந்த அளவில் ஒரு டிராயர் தேடிக் கிடைப்பது பெரும்பாடு. சிங்க்கையும் விட்டுவிட்டு வராதீர்கள். இருபுறமும் பாத்திரம் வடிக்கும் மேடையோடு ஒரே தகட்டில் அழுத்திப் பீங்கான் பூசிய 66 அங்குல சிங்க்தான் அந்தச் சமையலறையின் முகம்.

கை வைப்பதற்கு முன்

அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈயம் கலந்த பெயின்ட் 1978-இல்தான் தடைசெய்யப்பட்டது. ஆகவே பழைய அலமாரியின் பெயின்டில், முக்கியமாகப் பின்னால் யாரோ தூரிகையால் அடித்த அடுக்கில், ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சில்லு ஒன்றைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் உறுதியாகத் தெரிந்துவிடும். அதுவரை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதோ, கிரைண்டர் வைப்பதோ, ஹீட் கன் காட்டுவதோ கூடாது. வீட்டில் சிறு குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் இதில் சமரசமே வேண்டாம், சுரண்டும் வேலையைச் சான்று பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அலமாரிக்கு அடியில் 9 அங்குலச் சதுர ஓடுகளும் கறுப்புப் பசையும் தெரிந்தால் அவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பெயர்க்காமல், உடைக்காமல் அப்படியே விட்டு, சோதித்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு சில துளி, மென்மையான துணி, பிளாஸ்டிக் சுரண்டி. இவ்வளவு போதும். கம்பி நாரும் அடுப்பு கழுவும் திரவமும் கிட்டவே வரக்கூடாது. அடுப்பு கழுவும் திரவம் எண்ணெயோடு சேர்த்து அடியில் இருக்கும் ஆலைப் பெயின்டான எனாமலையும் தின்றுவிடும். அடுப்புக்கு மேலே உள்ள கதவுகளின் அடி விளிம்பில் எண்ணெய் மஞ்சள் கோந்தாக இறுகியிருக்கும். அங்கே நனைத்த துணியைப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துவிட்டுத் துடையுங்கள். பழுப்பாகக் கரைந்து வழியும், அதன் கீழே நீங்கள் எதிர்பார்க்காத வெள்ளை தெரியும். பலர் "பழைய கிரீம் கலர்" என்று நினைத்துப் பெயின்ட் அடிக்கக் கிளம்புவது இந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்துத்தான்.

நன்றாகக் காய்ந்த பிறகு, கார் பெயின்டுக்கு விற்கும் நயமான பாலிஷை ஒரு மறைவான மூலையில் தேய்த்துப் பாருங்கள். துணியில் அலமாரியின் நிறம் இறங்கினால் பயப்பட வேண்டாம். வெளுத்துப்போன மேல்தோல்தான் கழன்று வருகிறது. ஆனால் அதுவும் பெயின்ட் தூள்தான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துணியைத் துவைத்து மறுபடி பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள். பாலிஷுக்குப் பிறகு கார்னோபா என்னும் தாவர மெழுகு ஒரு கை. பெயின்ட் வேலைக்கு அவசியமே இல்லை என்று பாதிப் பேருக்கு இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

ஆலையில் சூளையில் சுட்டு ஏற்றிய எனாமலின் கடினத்தை வீட்டில் டப்பா பெயின்டால் கொண்டுவர முடியாது. கைப்பிடியைச் சுற்றி விரல் பட்டுத் தேய்ந்து அடிப்பூச்சு தெரிகிறதா? அந்த இடத்துக்கு மட்டும் நிறம் பொருத்தித் தொட்டுவிடுங்கள். தேய்மானம் தெரிந்தால் தெரியட்டும். மொத்தமாகச் சுரண்டிவிட்டால் மூலப் பூச்சு திரும்பி வராது.

கழற்றுதல்

இருக்கும் இடத்திலேயே வைத்துச் சரிசெய்ய முடிந்தால் கழற்றவே வேண்டாம். இடம் மாற்றவோ அடித்தரையைச் சரிசெய்யவோ வேண்டியிருந்தால் மட்டும் தொடருங்கள். முதலில் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஒவ்வொரு கதவு, டிராயர், தட்டு மேலும் ஒட்டுத்தாளில் எண் போடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒவ்வொரு டிராயரும் தன் இடத்தில்தான் சரியாக ஓடும்.

தண்ணீரை அடைத்து சிங்க் இணைப்புகளைப் பிரியுங்கள். சமையல் மேடையானது அடிப்பெட்டிகளின் மூலையில் உள்ள பட்டைகள் வழியாகக் கீழிருந்து ஸ்க்ரூ போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பெட்டிகள் பக்கவாட்டில் ஒன்றோடொன்று போல்ட் போட்டு இணைந்திருக்கும். சுவர்ப் பெட்டிகள், மாடலைப் பொறுத்து, சுவரில் அடித்த பட்டையில் தொங்கும் அல்லது பின்பக்கம் வழியாகச் சுவருக்குள் இருக்கும் மரத்தூணில் ஸ்க்ரூ போட்டிருக்கும். கடைசி ஸ்க்ரூவைக் கழற்றும்போது கீழே தாங்கிப் பிடிக்க ஆள் வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். தகட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், தடித்த கையுறை போடுங்கள். இறுகிப்போன ஸ்க்ரூவில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு இரவு காத்திருங்கள். தலை தேய்ந்துவிட்டால் வேலை மூன்று மடங்கு ஆகும்.

துரு

துரு இருக்கும் இடம் பெரும்பாலும் சிங்க் அடிப்பெட்டியின் தரையும், தரையைத் தொடும் கால்பட்டையும்தான். ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். முனை நின்றால் மேல்துரு. உள்ளே போனால் தகடு போய்விட்டது, வெல்டிங்கோ ஒட்டுத் தகடோ தேவை. மேல்துருவை ஈரத்தோடு தேய்த்து நீக்கி, உடனே துடைத்துக் காயவைத்து, அன்றைக்கே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான எபாக்ஸி பிரைமர் அடித்துவிடுங்கள். திறந்த தகட்டை ஒரு இரவு விட்டாலே மறுபடி செம்மை படரும். கீல், ஸ்க்ரூ போன்ற சிறு ஸ்டீல் உதிரிகளை எவாப்போ-ரஸ்ட் போன்ற அமிலமில்லாத திரவத்தில் ஊறவைத்தால் போதும்.

குரோம் கைப்பிடிகளில் ஒரு எச்சரிக்கை. பலவும் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்து மேலே குரோம் பூசியவை. அமிலத்தில் போட்டால் குழிவிழுந்துவிடும். கசக்கிய அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தாலே பளபளப்பு வரும்.

முழுதாகப் பெயின்ட் அடித்தே ஆகவேண்டிய நிலை என்றால், தூள் பெயின்டைச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் நன்றாக உழைக்கும். ஆனால் அது ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூளையில் சுடுவது. பழைய கதவுகள் பெரும்பாலும் இரட்டைத் தகடு. சத்தம் வராமலிருக்க உள்ளே அட்டையோ தார் பூசிய பட்டையோ வைத்திருப்பார்கள். அதை எடுக்காமல் சூளைக்குள் அனுப்பினால் அட்டை கருகும், தார் உருகிப் புதுப் பூச்சின் மேலேயே வழியும். கதவைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு அனுப்புங்கள், திரும்பி வந்ததும் புதிய அட்டை வைத்து மூடுங்கள். கார் பெயின்ட் பட்டறையில் தெளிப்பான் வைத்து அடிப்பதும் நல்ல வழிதான், அதற்கு இவ்வளவு சூடு தேவையில்லை.

மறுபடி மாட்டும்போது

"கீல் வளைந்துவிட்டது, கதவு மூடவில்லை" என்பது அடிக்கடி கேட்கும் புகார். பத்தில் எட்டு முறை கீலில் குற்றம் இருக்காது. தரை சமமில்லாததால் பெட்டி முறுக்கிக்கொண்டிருக்கும். பெட்டியின் முன்வாயில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவுகளையும் எடுங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை அடியில் ஆப்பு வையுங்கள், கதவு தானாகப் பொருந்தும். அதுவரை கீலைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: இந்த அலமாரி முழுவதும் மின்சாரம் கடத்தும். உள்ளே விளக்கு பொருத்தினால் எர்த் கட்டாயம். ஒயர் தகட்டைக் கடக்கும் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு நாளடைவில் ஒயரின் தோலை அறுத்துவிடும்.

இனி டிஷ்வாஷர்

இல்லினாயின் ஷெல்பிவில்லைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886-இல் காப்புரிமை பெற்ற இயந்திரம், தேய்க்காமல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியது. அவர் தொடங்கிய நிறுவனம் பிற்பாடு ஹோபார்ட் என்ற நிறுவனத்திடம் போனது. ஹோபார்ட் 1949-இல் கிச்சன்எய்ட் பெயரில் வீட்டு டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது. 1950-களின் இயந்திரங்களில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் தொட்டியின் அடியில் ஒரு சிறு விசிறி சுழன்று தேங்கிய தண்ணீரை மேலே வாரி அடிக்கும், ஜிஇ, ஹாட்பாயின்ட் போல. மற்றதில் பம்ப் தண்ணீரை உறிஞ்சி, துளையிட்ட கைகள் வழியாகப் பீய்ச்சும், கிச்சன்எய்ட் போல. புதியவர்களுக்கு நான் சொல்வது ஹோபார்ட் செய்த கிச்சன்எய்டைத்தான், அதாவது 1986-இல் வேர்ல்பூல் அந்தப் பெயரை வாங்குவதற்கு முந்தியவை. கனமான மோட்டார், பீங்கான் பூசிய ஸ்டீல் தொட்டி, மற்றவற்றைவிட எளிதாகக் கிடைக்கும் உதிரிகள். விசிறி வகை பார்க்க அழகு, ஆனால் பாத்திரத்தை அடுக்கும் விதம் தெரியாவிட்டால் சரியாகக் கழுவாது.

பழைய இயந்திரம் கையில் கிடைத்ததும் சுவரில் சொருகிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். அந்தக் காலத்து ரப்பர் ஒயர், வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடையும். எர்த் இணைப்பும் இருக்காது. கீழ்ப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். மோட்டார் தண்டுக்கு நேர் கீழே வெள்ளை உப்புக் கோடோ துருத் தடமோ தெரிந்தால், தண்டின் சீல் எப்போதோ கசிந்திருக்கிறது. பழைய இயந்திரங்கள் சாவதற்கு முதல் காரணம் இதுதான். கார்பன் வளையமும் பீங்கான் வளையமும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திச் சுழன்றுதான் தண்ணீரைத் தடுக்கும். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தால் பின்னால் இருக்கும் ரப்பர் இறுகி, அழுத்தம் போய்விடும்.

அடுத்து பக்கெட் சோதனை. கரன்ட் இல்லாமல், தொட்டியில் கையால் தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். தாள் எங்கே நனைகிறதோ அங்கே வேலை இருக்கிறது. கசிவில்லை என்றால் மோட்டார் தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள், அப்போதும் தாள் காய்ந்தே இருக்க வேண்டும்.

கசிவைத் தீர்த்த பிறகு, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர். 120 வோல்ட்டில் ஓடும் 750 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 19 ஓம் காட்டும், 1000 வாட் என்றால் 14 ஓம். ஹீட்டர் முனைக்கும் உடலுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது, காட்டினால் அதை மாற்றும்வரை இயந்திரத்தை ஓட்டாதீர்கள். மோட்டாரில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பழைய கெப்பாசிட்டர் இருந்தால் அதன் மின்னேற்றத்தை முதலில் இறக்குங்கள். 1979-க்கு முந்தியதென்றால் உள்ளே பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. துளைக்காதீர்கள், அபாயகரக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டு அதே அளவில் புதியது போடுங்கள். ஒயர் முழுவதையும் சூடு தாங்கும் புதிய ஒயராக மாற்றுங்கள், எர்த்தோடு மூன்று முனை இணைப்புக் கொடுங்கள். இந்த ஒயரிங்கில் தயக்கம் இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சில ஊர்களில் டிஷ்வாஷர் இணைப்புக்கு அனுமதிச்சீட்டும் தேவைப்படலாம்.

டைமர் என்பது மெதுவாகச் சுழலும் பல் சக்கரமும் அது தொட்டுத் திறக்கும் தொடுமுனைகளும்தான். கருகிய முனைகளை அதற்கென்றே விற்கும் திரவத்தால் சுத்தம் செய்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கதவைத் திறந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச் கெட்டிருந்தால் மாற்றுங்கள். நேரடி இணைப்பு கொடுத்து ஏமாற்றவே கூடாது, கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

பல பழைய இயந்திரங்கள் தண்ணீரை அளந்து எடுப்பதில்லை. குறிப்பிட்ட விநாடிகள் வால்வைத் திறந்து மூடும், அவ்வளவுதான். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷரோ சல்லடையோ அடைபட்டால் தொட்டியில் தண்ணீர் குறையும், பம்ப் காற்றை உறிஞ்சிக் கரகரக்கும். மோட்டாரைக் குறைசொல்வதற்கு முன் சல்லடையைப் பாருங்கள். சுண்ணாம்புப் படிவுக்குச் சிட்ரிக் அமிலம் போட்ட சுடுநீர் போதும். தட்டு அடுக்கும் கூடைகளின் கம்பி முனைகள் துருப்பிடித்திருந்தால், துருவை நீக்கி அதற்கென்றே விற்கும் வினைல் பூச்சும் முனை உறைகளும் போடுங்கள்.

முதல் ஓட்டத்தை, மின்கசிவு ஏற்பட்டால் உடனே கரன்ட்டைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்புள்ள இணைப்பில், பாத்திரம் இல்லாமல், கீழ்ப்பலகையை மாட்டாமல், பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள்.

சோப்பும் சூடும்

எல்லாம் சரியாக இருந்தும் கண்ணாடி டம்ளர்கள் வெண்படலமாக வருகிறதென்றால் இயந்திரத்தின் மேல் பழி போடாதீர்கள். இந்த இயந்திரங்கள் பாஸ்பேட் நிறைந்த சோப்புத் தூளை நம்பி வடிவமைக்கப்பட்டவை. 2010 ஜூலையில் பல அமெரிக்க மாநிலங்கள் ஏரிகளையும் ஆறுகளையும் காப்பதற்காக அந்தப் பாஸ்பேட்டைக் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டன, அதுவும் நியாயம்தான். இன்றைய என்சைம் சோப்புக்கு வேலை செய்ய நேரம் வேண்டும், பழைய இயந்திரமோ வேகமாக முடித்துவிடும். தூள் சோப்பையே வாங்குங்கள், மாத்திரை வேண்டாம். முன்கழுவலுக்கும் சிறிது போடுங்கள். கடின நீர் என்றால் மென்னீராக்கி வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும்.

சூடும் முக்கியம். பழையவை 60 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் சூடான தண்ணீர் குழாயில் வரும் என்று எதிர்பார்க்கின்றன. இன்று பல வீடுகளில் தண்ணீர் ஹீட்டர் 49 டிகிரியில்தான் இருக்கிறது. அதை ஏற்றினால் குழந்தைகள் கை சுட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஆகவே ஏற்றுவதற்கு முன் குளியலறைக் குழாய்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பொருத்துங்கள். எப்படியிருந்தாலும் இயந்திரத்தைப் போடுவதற்கு முன், சிங்க்கின் சுடுநீர்க் குழாயைத் திறந்து, கை தாங்காத சூடு வரும்வரை ஓடவிடுங்கள். அந்தத் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பாத்திரம் ஊறப்போடலாம். தண்ணீர்ச் செலவு அதிகம்தான், ஒரு சுற்றுக்கு 10 கேலனை (ஒரு கேலன் சுமார் 3.8 லிட்டர்) தாண்டும் மாடல்கள் உண்டு. இன்றைய இயந்திரம் 3 முதல் 5 கேலனில் முடித்துவிடும். தினமும் இரண்டு முறை போடும் பெரிய குடும்பம் என்றால் யோசித்து முடிவெடுங்கள்.

கழுவி முடித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்துவையுங்கள், கதவோர ரப்பர் பட்டையான கேஸ்கெட்டும் தொட்டி விளிம்பும் காயட்டும். சிங்க் அடிப்பெட்டியில் ஒரு தட்டையான அலுமினியத் தட்டு போட்டுவைத்தால் குழாய்க் கசிவு தகட்டைத் தொடாது. ஊருக்குப் போவதாக இருந்தால் திரும்பி வந்த அன்றே ஒரு முறை வெறுமனே ஓட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும்போதும் வாரத்துக்கு ஒரு முறையாவது ஓட வேண்டும், தண்டின் சீல் ஈரத்தில் இருந்தால்தான் கசியாமல் நிற்கும்.